காசநோய்: அண்மைக்கால ஆய்வுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் காசநோய் குறித்து வெளிவந்த முக்கியமான ஆய்வுகளைப் பற்றி நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. உணவு பற்றிய பதில்கள் நீளமானவை. தமிழ்நாட்டில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள் என்பது ஒரு காரணம், அந்தக் கதை சென்னையிலேயே தொடங்குகிறது என்பது இன்னொரு காரணம். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ கூடாது. சிகிச்சையில் எந்த மாற்றத்தையும் மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: காசநோய்க்குத்தான் மருந்து இருக்கிறதே, இன்னும் ஆராய என்ன இருக்கிறது?

காசநோயை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அதற்குப் பிறகு 140 ஆண்டுகள் கடந்தும், 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1.08 கோடி பேர் இந்நோய்க்கு ஆளானதாகவும் 12.5 லட்சம் பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நோயுற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். கையில் இருக்கும் ஒரே தடுப்பூசியான பி.சி.ஜி. முதன்முதலாக மனிதருக்குப் போடப்பட்டது 1921-இல். மருந்து இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதை ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். மருந்துக்கு மசியாத கிருமிக்கு அண்மைக்காலம் வரை ஒன்பது மாதம் முதல் இருபது மாதம் வரை சிகிச்சை தேவைப்பட்டது. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இறந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். ஆராய்ச்சிகள் இந்த இடங்களைக் குறிவைத்தே நடக்கின்றன.

கேள்வி: நல்ல உணவு கொடுத்தால் காசநோய் வராமல் தடுக்கலாம் என்று ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு கண்டுபிடித்ததாமே?

ஆம், ஆனால் யாருக்கு, எந்தச் சூழலில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மங்களூரு ஏனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரின் தலைமையில், சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்கேற்போடு நடந்த இந்த ஆய்வுக்கு 'ரேஷன்ஸ்' என்று பெயர். பெயருக்கேற்ப, மாதாமாதம் உணவுப் பொருள்களைக் கையில் கொடுத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்த ஆய்வு இது. 2019 ஆகஸ்டில் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய ஆய்வு, பின்தொடர்தலையும் சேர்த்து 2022 ஜூலை வரை நீடித்தது. முடிவுகள் 2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன.

நுரையீரல் காசநோய் உறுதிசெய்யப்பட்ட 2,800 நோயாளிகளும் அவர்களோடு ஒரே வீட்டில் வசித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களும் இதில் சேர்க்கப்பட்டார்கள். நோயாளிகள் எல்லோருக்கும், அவர்கள் எந்தப் பிரிவில் இருந்தாலும், நாளொன்றுக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் கிடைக்கும்படி அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய், வைட்டமின் மாத்திரை ஆகியவை ஆறு மாதத்துக்குத் தரப்பட்டன. பசியோடிருக்கும் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மட்டும் சோறு போட்டு, மீதிப் பேரை வெறுமனே கவனித்துக்கொண்டிருப்பது அறமாகாது அல்லவா? ஆகவே குலுக்கல் முறையிலான பிரிவினை, உடன் வசிப்பவர்களுக்கான உணவில் மட்டுமே செய்யப்பட்டது. ஒரு பிரிவில் வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ துவரம்பருப்பும் வைட்டமின் மாத்திரைகளும் கிடைத்தன; இன்னொரு பிரிவில் வீட்டாருக்குத் தனியாக எதுவும் தரப்படவில்லை.

உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதமும், சளியிலேயே கிருமி காணப்படுகிற, பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதமும் குறைந்தன. தடுப்பூசி என்று ஒன்று இந்த அளவுக்குப் பலன் தந்திருந்தால் அதை உலகமே கொண்டாடியிருக்கும். இங்கே பலன் தந்தது அரிசியும் பருப்பும்.

கேள்வி: 39 சதவீதம் என்றால் 100 வீட்டாரில் 39 பேருக்கு நோய் தடுக்கப்பட்டது என்று பொருளா?

இல்லை. இந்தத் தவறு செய்திகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. தனி உணவு பெறாத பிரிவில் 100 பேரில் சுமார் 2.6 பேருக்குக் காசநோய் வந்தது. உணவு பெற்ற பிரிவில் 100 பேரில் சுமார் 1.7 பேருக்கு வந்தது. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, வயது போன்ற வேறுபாடுகளையும் சரிசெய்தால் கிடைப்பதே 39 சதவீதம். நடைமுறையில் யோசிக்க இன்னொரு கணக்கு உதவும்: ஒருவருக்குக் காசநோய் வருவதைத் தடுக்க ஏறத்தாழ 30 வீடுகளுக்கு, அதாவது 111 பேருக்கு, ஆறு மாதம் உணவு தர வேண்டியிருந்தது.

இது அதிகமா, குறைவா என்பது செலவைப் பொறுத்தது. ஒருவருக்கு மாதம் நான்கு டாலர் அளவுக்கே செலவானது. அதோடு, மற்ற 110 பேருக்குக் கொடுத்த உணவு வீணாகப் போகவுமில்லை. நோய்த்தடுப்பு மாத்திரையைத் தேவையில்லாதவருக்குக் கொடுத்தால் பக்கவிளைவு வரக்கூடும். பருப்புச் சோற்றுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

கேள்வி: ஆனால் வீட்டு உணவுக்கும் காசநோய்க்கும் தொடர்பில்லை என்று சென்னை ஆய்வு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டதே. அது தவறா?

தவறில்லை. அந்த ஆய்வு கேட்ட கேள்வி வேறு. பிற்காலத்தில் அதன் பதிலைக் கேட்கப்படாத கேள்விகளுக்கும் பொருத்திவிட்டார்கள் என்பதே நடந்தது.

1950-களின் நடுவில் காசநோய் என்றால் சானடோரியம் என்றுதான் அர்த்தம்: நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. இந்தியாவில் நோயாளிகள் பல லட்சம். சானடோரியப் படுக்கைகளோ சில ஆயிரங்கள். இந்த நிலையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னையில் காசநோய் மருத்துவ மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை வழிநடத்தினார். சென்னையின் ஏழ்மையான பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் வீட்டிலேயும் மறு பிரிவினர் சானடோரியத்திலும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகளைச் சாப்பிட்டார்கள். அன்றைய மருந்துகள் ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், இன்றைய முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அப்போது கிடையாது.

1959-இல் முடிவு வெளியானபோது, வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமடைந்திருந்தது தெரிந்தது. அவர்கள் நெருக்கடியான அறைகளில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், பலர் வேலைக்கும் போய்வந்தார்கள். அவர்களோடு வசித்தவர்களை ஐந்தாண்டுகள் கவனித்தபோதும், நோயாளி வீட்டில் இருந்ததால் மற்றவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கும், ஏழை நாடுகளிலும் காசநோயைக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கை பிறந்ததற்கும் இந்த ஆய்வு பெரிய காரணம். 20-ஆம் நூற்றாண்டின் மிகப் பயனுள்ள மருத்துவ ஆய்வுகளில் ஒன்று சென்னையின் சேத்துப்பட்டிலிருந்து வந்தது என்று சொன்னால் அது ஊர்ப்பெருமை ஆகாது.

இதே நோயாளிகளின் உணவை மட்டும் எடுத்து ஆராய்ந்த கட்டுரை 1961-இல் வந்தது. மருந்து முறையாகக் கிடைத்தால், சளியில் கிருமி ஒழிவதற்கு உணவின் தரம் பெரிய தடையல்ல என்று அது காட்டியது. கிருமி ஒழிகிறதா என்பதே அந்த ஆய்வின் கேள்வி. ஆனால் அந்தப் பதில் பல பத்தாண்டுகளுக்கு, உணவு தேவையில்லை என்ற கொள்கையாகவே வாசிக்கப்பட்டது. எலும்பும் தோலுமாக வரும் நோயாளி முதல் மாதத்தைத் தாண்டுவாரா, சரியாகச் சாப்பிடாத வீட்டாரின் உடலில் உறங்கிக்கொண்டிருக்கும் கிருமி விழித்துக்கொள்ளுமா என்பவை வேறு கேள்விகள். சென்னை ஆய்வு அவற்றைக் கேட்கவே இல்லை. வீட்டிலிருந்த நோயாளியின் குடும்பத்தாருக்கும் சானடோரியத்திலிருந்த நோயாளியின் குடும்பத்தாருக்கும் நோய் ஒரே அளவில் வந்தது என்றால், இரு குடும்பங்களும் ஒரே அளவுக்கு ஏழைகள் என்பதையும் அதற்குள் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஜார்க்கண்ட் ஆய்வில் குறைகளே இல்லையா?

இருக்கின்றன. யாருக்கு உணவு கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. மாத்திரையில் போலி மாத்திரை வைத்து மறைப்பதுபோல அரிசியில் போலி அரிசி வைக்க முடியாது. ஆய்வின் நடுவில் கொரோனா வந்தது. ரேஷன் கடை வழியாக மத்திய அரசின் இலவச தானியமும் அந்தக் காலத்தில் இரு பிரிவு வீடுகளுக்கும் போனது. இது ஒப்பீட்டுப் பிரிவினருக்கும் உணவு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று காட்டுவதால், வேறுபாட்டைப் பெரிதாக்கியிருக்க வாய்ப்பில்லை, குறைத்திருக்கவே வாய்ப்பு உண்டு.

முக்கியமான எல்லை இடம் சார்ந்தது. ஆய்வில் சேர்ந்த நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., 16-க்கும் கீழே இருந்தது. அவர்களுடைய வீட்டாரிலும் பலர் மெலிந்தவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் கிடைத்த பலன், வயிறு நிறையச் சாப்பிடுகிற வீட்டிலும் கிடைக்கும் என்று சொல்ல இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. தமிழ்நாட்டில் சர்க்கரை நோயோடு காசநோயும் வருகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். சர்க்கரை நோய் காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. அவர்களுக்கு அரிசியைக் கூட்டுவது தீர்வல்ல.

கேள்வி: நோயாளியின் எடை கூடினால் உயிர் பிழைப்பார் என்பதும் நிரூபிக்கப்பட்டதா?

எடை கூடியவர்கள் குறைவாக இறந்தார்கள் என்பது அதே ஆய்வின் இன்னொரு கட்டுரையில் தெளிவாகவே இருக்கிறது: முதல் இரண்டு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ எடையுள்ளவருக்கு அது வெறும் 2 கிலோ. ஆயினும் நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கொடுக்கப்பட்டதால், இங்கே குலுக்கல் முறை ஒப்பீடு கிடையாது. எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைக்கக்கூடிய அளவுக்கு நோய் லேசாக இருந்ததால் எடை கூடியதா என்பதை இந்தத் தரவை மட்டும் வைத்து முழுமையாகப் பிரிக்க இயலாது. எனினும் இரண்டாம் மாதத்திலும் எடை ஏறாத நோயாளியைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இந்தச் சான்றே போதும். எடை பார்க்கும் இயந்திரம் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கூடுதல் செலவில்லை.

கேள்வி: தமிழ்நாட்டின் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' என்பது என்ன? அதுவும் ஆய்வா?

அது அரசுத் திட்டம். ஆனால் ஆய்வின் ஒழுங்கோடு நடத்தப்படுவது. காசநோய் என்று தெரிந்த பிறகு நிகழும் இறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே நிகழ்கிறது. ஆகவே மருந்து தொடங்கும் நாளிலேயே, யார் அபாயக் கட்டத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். 2022 ஏப்ரலில், சென்னை நீங்கலான மற்ற மாவட்டங்களில் தமிழ்நாடு அரசு, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்துடன் சேர்ந்து இத்திட்டத்தைத் தொடங்கியது.

செய்வது மிக எளிய காரியம். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ வேண்டாம். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே காட்டுகிறதா, பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஆபத்தான நிலையில் இருப்பவர்களை முழுப் பரிசோதனைக்கு அனுப்பி, தேவையானால் மருத்துவமனையில் சேர்த்துக்கொள்கிறார்கள். மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவது எல்லோருக்கும் பொருந்தாது என்பதே இதன் உட்பொருள். 1959-இல் நோயாளிகளைச் சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று காட்டிய அதே ஊரில், அவர்களில் ஒரு சிறு பகுதியினரைத் திரும்பவும் படுக்கைக்கு அழைக்கும் திட்டம் உருவாகியிருக்கிறது. இதில் முரண் ஒன்றுமில்லை. அன்று எல்லோருக்குமான பொது விதி தேவைப்பட்டது, இன்று அந்த விதிக்கு விலக்கானவர்களைத் தேடுகிறார்கள்.

கேள்வி: அரசு தரும் பணம் உணவுக்குப் போதுமா?

நிக்ஷய் போஷண் திட்டத்தின் கீழ் சிகிச்சைக் காலம் முழுவதும் நோயாளியின் வங்கிக் கணக்கில் 2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய் செலுத்தப்பட்டது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஜார்க்கண்ட் ஆய்வில் நோயாளிக்குத் தந்த உணவின் மாதச் செலவு சுமார் 13 டாலர், அதாவது ஏறக்குறைய இதே அளவு. ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: ஆய்வில் போனது பொருள், திட்டத்தில் போவது பணம். பணம் வீட்டு வாடகைக்கும் போகலாம், தாமதமாகவும் வரலாம்.

கேள்வி: மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயை இப்போது ஆறு மாதத்தில் குணப்படுத்த முடிகிறதா?

முடிகிறது. உணவுக்கு அடுத்தபடியாக, அண்மைய ஆண்டுகளின் பெரிய மாற்றம் இதுவே. பழைய முறையில் ரிஃபாம்பிசினுக்கு மசியாத காசநோய்க்கு மாதக்கணக்கில் கனாமைசின் ஊசி போட்டார்கள். நோய் போனது, அதோடு பலருக்குக் காதும் போனது. இப்போது பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் மாத்திரைகளாகவே, ஆறு மாதத்துக்குத் தரப்படுகின்றன. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2022 டிசம்பரில் வெளிவந்தது. சிகிச்சை பலன் தராமல் போனவர்கள் புதிய முறையில் 11 சதவீதம். பழைய முறையில் 48 சதவீதம். பழைய முறையில் தோல்வி என்று எண்ணப்பட்டவர்களில் பெரும்பாலோர் பக்கவிளைவு முதலிய காரணங்களால் சிகிச்சையை இடையில் நிறுத்தவோ மாற்றவோ வேண்டிவந்தவர்கள். ஆகவே இந்த 48 சதவீதத்தை இறப்பு என்று படித்துவிடக் கூடாது.

புதிய மருந்துகளும் தீங்கற்றவையல்ல. லினிசோலிட் கை கால் நரம்புகளையும் கண் நரம்பையும் ரத்த உற்பத்தியையும் பாதிக்கக்கூடியது. தென்னாப்பிரிக்காவில் நடந்த முதல் ஆய்வில் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கொடுத்தபோது 81 சதவீதத்தினருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது. பின்னர் வந்த ஆய்வு, 600 மில்லிகிராமாகக் குறைத்தாலும் குணமாகும் அளவு ஏறத்தாழ அதேதான் என்றும், பாதிப்பு கணிசமாகக் குறைகிறது என்றும் காட்டியது. இன்று கொடுக்கப்படுவது அந்தக் குறைந்த அளவே. பாதம் மரத்துப்போனாலோ, நிறம் பிரித்துப் பார்ப்பதில் தடுமாற்றம் வந்தாலோ உடனே சொல்ல வேண்டும்.

இந்தியா இம்முறைக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அதற்கு முன், பெடாகுவிலின் காப்புரிமையை நீட்டிக்கக் கோரிய விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. அதை எதிர்த்து மனு செய்தவர்கள் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவும். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள், இருவருமே பழைய சிகிச்சையால் செவித்திறன் இழந்தவர்கள்.

கேள்வி: சாதாரணக் காசநோய்க்கும் ஆறு மாதத்தைக் குறைத்துவிட்டார்களா?

பெரியவர்களுக்கு நான்கு மாதச் சிகிச்சை சாத்தியம் என்று 13 நாடுகளில் சுமார் 2,500 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் காட்டியது. அதில் ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக ரிஃபாபென்டைனும் அதோடு மாக்ஸிஃப்ளாக்சசினும் தரப்பட்டன. மருந்தே வேறு என்பதால், இந்தியாவில் இப்போது தரப்படும் மாத்திரையை நான்கு மாதத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருளே இல்லை.

குழந்தைகளின் கதை வேறு. ஆப்பிரிக்காவிலும், இந்தியாவில் சென்னை, புனே நகரங்களிலும் 1,204 குழந்தைகளிடம் நடந்த 'ஷைன்' ஆய்வு, நோய் கடுமையாக இல்லாத பிள்ளைகளுக்கு அதே வழக்கமான மருந்துகளே நான்கு மாதத்துக்குப் போதும் என்று 2022-இல் காட்டியது. ஆறு மாதம் சாப்பிட்டவர்களிலும் நான்கு மாதம் சாப்பிட்டவர்களிலும் தோல்வி 3 சதவீதமே. தன் பிள்ளை இந்தப் பிரிவில் வருமா என்பதை எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும்.

கேள்வி: இருமலே இல்லாமல் காசநோய் இருக்குமா?

இருக்கும். 2019 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் 42.6 சதவீதத்தினர் தவறவிடப்பட்டிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இருவர் சிகிச்சை தேடிப் போகவில்லை. எக்ஸ்ரே படத்தைக் கணினியே படித்துச் சந்தேகமானதைக் காட்டும் மென்பொருளை, 15 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்ததற்கும் இதுவே பின்னணி. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தாலே காசநோய் என்று முடிவாகாது. சளியில் மூலக்கூறுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

கேள்வி: மருந்து எதிர்ப்புக் காசநோய் உள்ளவரின் வீட்டாருக்குத் தடுப்பு மாத்திரை உண்டா?

இப்போது ஆதாரம் உண்டு. வியட்நாமிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த இரண்டு ஆய்வுகளைத் தனித்தனியாகப் பார்த்தால் முடிவு உறுதியாக இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, ஆறு மாதம் லெவோஃப்ளாக்சசின் சாப்பிட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது. முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின.

கேள்வி: பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டிருக்கிறதே, பிறகு ஏன் பெரியவர்களுக்குக் காசநோய் வருகிறது?

இதற்கான விடையும் பெருமளவு தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி, 2.8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு பி.சி.ஜி. அல்லது போலி ஊசி போட்டு, 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது முடிவு. எதிர்பார்த்தது இதற்கு நேர்மாறானது. ஆனாலும் மறைக்காமல் வெளியிட்டார்கள். மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான கிருமிகளோடு நம் உடல் ஏற்கெனவே பழகியிருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது நெடுநாளாகப் பேசப்படும் விளக்கம். குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும் உடல் முழுதும் பரவும் காசநோயிலிருந்தும் பி.சி.ஜி. காக்கிறது. அதனால்தான் அது இன்னும் போடப்படுகிறது. அதைத் தவிர்க்கக் கூடாது.

கேள்வி: அப்படியானால் புதிய தடுப்பூசி எப்போது வரும்?

பருவ வயதினருக்கு பி.சி.ஜி.யையே மறுபடி போட்டுப் பார்ப்பது முதலில் நம்பிக்கை தந்தது. தென்னாப்பிரிக்காவில் 990 பேரிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், கிருமி உடலில் நிலைத்துத் தங்கும் தொற்று 45 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. அதையே உறுதிசெய்துகொள்ள 1,836 பேரிடம் மீண்டும் நடத்தியபோது பலன் மறைந்துவிட்டது. அந்த முடிவு 2025-இல் வெளியானது.

இப்போது எல்லோரும் காத்திருப்பது எம்72 என்ற தடுப்பூசிக்காக. கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா ஆகிய நாடுகளில், ஏற்கெனவே கிருமி உடலில் இருந்தும் நோய் வராத 3,500-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அதைச் சோதித்தார்கள். மூன்றாண்டுகளில் சுமார் 50 சதவீதப் பாதுகாப்பு கிடைத்ததாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. அந்த 50 சதவீதத்தின் அடியில் இருக்கும் எண்ணிக்கை இதுதான்: தடுப்பூசி பெற்ற பிரிவில் காசநோய் வந்தவர்கள் 13 பேர், போலி ஊசி பெற்ற பிரிவில் 26 பேர். இரண்டும் சேர்த்து 39 பேரை வைத்து ஒரு தடுப்பூசியைக் கோடிக்கணக்கானோருக்குப் போட முடியாது. அதனால் 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய மூன்றாம் கட்ட ஆய்வு, ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தோனேசியாவிலும் ஏறத்தாழ 20,000 பேரைச் சேர்த்திருக்கிறது. அவர்களில் போதுமான எண்ணிக்கையினருக்கு நோய் வந்த பிறகே கணக்குப் பார்க்க முடியும்.